எதிரி இருந்தவரை பிரிட்டன் ஒன்றாக இருந்தது

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, விடுமுறை நாள் மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பிரிட்டன் வாழ் தமிழ் அவையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"பிரிட்டிஷ் தேசிய உணர்வை வளர்த்தது உள்ளே கட்டிய சட்டமும் உரிமையுமா, வெளியே நடத்திய போரும் பேரரசுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. போரும் பேரரசும்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று விஷயங்களை முன்வைத்தார். 1215இல் வந்த மாக்னா கார்ட்டா அரசனையே சட்டத்துக்குக் கட்டுப்படுத்தியது, பிரிட்டிஷ் உணர்வு அங்கேதான் தொடங்கியது என்றார். மக்கள் ஓட்டுரிமைக்காகப் போராடித்தான் இந்த நாட்டைத் தங்கள் நாடாக்கிக்கொண்டார்கள் என்றார். கடைசியாக, 1948இல் வந்த தேசிய மருத்துவச் சேவையைக் காட்டி, ஒரு தேசத்தை ஒன்றாக்க இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது. அந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் உட்காரப் போவதில்லை.

முதலில் மாக்னா கார்ட்டா. தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்து அரசன் ஜானுக்கும் இங்கிலாந்துப் பிரபுக்களுக்கும் நடந்த ஒப்பந்தம் அது. அன்றைக்கு ஸ்காட்லாந்து வேறு நாடு, அதற்கு வேறு அரசன். 1689 உரிமைச் சட்டத்தை எடுத்தாலும் அதே கதைதான். இங்கிலாந்துக்கு ஒன்று, ஸ்காட்லாந்து தனக்கென்று எழுதிக்கொண்டது இன்னொன்று. சரி, 1707இல் இரண்டு நாடும் இணைந்தபோதாவது சட்டம் ஒன்றானதா? இல்லை. ஸ்காட்லாந்தின் நீதிமன்றங்கள், திருச்சபை இரண்டும் அப்படியே தனியாக இருக்கும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் இணைப்பே நடந்தது. இன்றைக்கும் ஒரு பெரிய குற்ற வழக்குக்கு இங்கிலாந்தில் 12 பேர் ஜூரியில் உட்காருகிறார்கள், ஸ்காட்லாந்தில் 15 பேர். சட்டம்தான் இவர்களைச் சேர்த்தது என்றால், முந்நூறு வருடமாகச் சட்டம் மட்டும் ஏன் சேரவில்லை?

அந்த 1707 எப்படி நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் ஸ்காட்லாந்து தனக்கென்று ஒரு பேரரசு தேடிப் பார்த்தது. இன்றைய பனாமாவில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்க 1698இல் கப்பல்கள் கிளம்பின. பிரபுக்கள், வணிகர்கள், நகரசபைகள் என்று எல்லோரும் கையிலிருந்த பணத்தை அதில் போட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலிலும் பசியிலும் செத்தார்கள். 1700இல் எல்லாம் முடிந்தது. நாடே கடனில் தவித்தது. அந்த நேரத்தில் இங்கிலாந்து பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இணைப்புப் பேச்சுக்கு வராவிட்டால் ஸ்காட்லாந்துக்காரர்களை அந்நியர்களாக நடத்துவோம், உங்கள் மாடும் நிலக்கரியும் லினன் துணியும் எங்கள் எல்லைக்குள் வராது என்று. கூடவே பணமும் வந்தது. 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங். டேரியனில் பணம் போட்டவர்களுக்கு நஷ்டஈடும் அதிலிருந்துதான். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள். அதையும் மீறி 1707 மே 1 அன்று கிரேட் பிரிட்டன் என்ற ஒரே ராஜ்ஜியம் பிறந்தது. அந்த நாளில் பிரிட்டிஷ் அரசு ஒன்று இருந்தது. தன்னைப் பிரிட்டிஷ் என்று நினைத்த மக்கள் எங்கே இருந்தார்கள்?

அவர்களை உண்டாக்கிக் கொடுத்தது பிரான்ஸ். 1689 முதல் 1815 வரை உள்ள காலத்தில் ஏறக்குறைய பாதி ஆண்டுகள் பிரான்ஸோடு போர். அதுவும் வெறும் நிலத்துக்கான போராக அதை இங்கே யாரும் பார்க்கவில்லை. பிரான்ஸ் கத்தோலிக்க நாடு, நாம் புராட்டஸ்டண்ட் நாடு; அங்கே கொடுங்கோலன், இங்கே சுதந்திரம். இப்படித்தான் தேவாலயத்தில் பிரசங்கம் நடந்தது, அச்சிட்ட படங்களில் வரைந்தார்கள், ஊர் ஊராக நவம்பர் 5 அன்று நெருப்பு மூட்டிக் கொண்டாடினார்கள். 1605இல் கத்தோலிக்கச் சதிகாரர்கள் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த நாள் அது. 1859 வரை அந்த நாளில் நன்றி வழிபாடு நடத்துவது சட்டப்படி கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத வீடாக இருந்தாலும், வெளியாள் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டால் எல்லோரும் ஒன்றாகத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அப்படித்தான் இங்கிலாந்துக்காரரும் வேல்ஸ்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

1748இல் இங்கிலாந்து ஓவியர் ஹோகார்த் வரைந்த ஒரு ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிரான்ஸின் கலே நகரத்துக்குப் போய்க் கோட்டை வாசலைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது உளவாளி என்று பிடித்துவிட்டார்கள். ஊர் திரும்பி அதையே ஓவியமாக்கினார். நடுவில் ஒரு சமையல்காரன் பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தூக்க முடியாமல் தூக்கிப் போகிறான், அங்கே தங்கும் இங்கிலாந்துக்காரர்களின் விடுதிக்கு. கொழுத்த பாதிரியார் ஒருவர் ஆசையோடு அதை விரலால் தொட்டுப் பார்க்கிறார். எலும்பும் தோலுமான பிரெஞ்சு சிப்பாய்கள் கையிலிருக்கும் தண்ணீர்க் கஞ்சி சிந்துவதுகூடத் தெரியாமல் வாய் பிளந்து நிற்கிறார்கள். இங்கே இறைச்சி, அங்கே கஞ்சி. பார்ப்பவருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வலது மூலையை. அங்கே கட்டம் போட்ட டார்டன் உடையில் ஒரு ஹைலேண்ட்காரர், அதாவது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக்காரர், சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு ரொட்டித் துண்டும் வெங்காயமும்தான் அவருக்குச் சாப்பாடு. அவர் யார்? 1745 கலகத்தில் தோற்று பிரான்ஸுக்கு ஓடியவர். எதிரியோடு சேர்ந்தால் உன் கதி இதுதான் என்பதை அந்த மூலை சொல்கிறது.

அந்த 1745 கலகத்தில், குடும்பம் இழந்த அரியணையை மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் ஹைலேண்ட் குலங்களைத் திரட்டிக்கொண்டு லண்டனை நோக்கி டார்பி வரை வந்துவிட்டார். 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் கலோடனில் ஒரு மணி நேரத்துக்குள் அவர் படை நசுங்கியது. அப்புறம் வந்தது உடைத் தடைச் சட்டம். ஹைலேண்ட் உடையை உடுத்தினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு வருட நாடு கடத்தல். ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள்: அரசனின் ராணுவத்தில் சேர்ந்தவன் உடுத்தலாம்!

சைமன் ஃப்ரேசர் என்று ஒருவர். அவருடைய அப்பா லொவட் பிரபு, கலகத்தை ஆதரித்ததற்காக 1747இல் லண்டனில் தலை வெட்டப்பட்டார். இந்த நாட்டில் தலை வெட்டி மரண தண்டனை நிறைவேற்றிய கடைசி மனிதர் அவர்தான். குடும்ப நிலம் முழுவதும் பறிபோனது. மகனும் கலகத்தில் குலப்படையை நடத்தியவர்தான். பத்தே வருடம் கழித்து, 1757இல், அதே மகன் அதே அரசனுக்காக ஹைலேண்ட் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டினார். அந்தப் படை கனடாவுக்குப் போய் 1759இல் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டையிட்டது. 1774இல் அவருக்குக் குடும்ப நிலம் திரும்பக் கிடைத்தது. எதிரணியினரே, அப்பாவின் தலையை வெட்டிய அரசுக்கு மகனை விசுவாசமாக்கியது எந்த உரிமைச் சாசனம்? பிரான்ஸோடு வந்த போர்தான் அவருக்கு அந்த வழியைத் திறந்தது.

1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது அரசரே ஹைலேண்ட் உடையான கில்ட்டை உடுத்திக்கொண்டு நின்றார். உடுத்தினால் சிறை என்றிருந்த உடை, தாத்தா காலத்தில் கலகக்காரன் உடை, பேரன் காலத்தில் அரச உடையாகிவிட்டது. நடுவில் இருந்தது 1815இல் பிரான்ஸைத் தோற்கடித்த வாட்டர்லூ போர்.

சரி, போர் பயத்தைக் கொடுத்தது. பேரரசு பங்கைக் கொடுத்தது. டேரியனில் கிடைக்காததெல்லாம் 1707க்குப் பிறகு ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது. கிளாஸ்கோ, வர்ஜீனியாப் புகையிலையில் பணக்கார ஊரானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேற்பார்வை வாரியம் டண்டாஸ் என்ற ஸ்காட்லாந்து அரசியல்வாதி கையில் இருந்தது. தன் ஊர்ப் பையன்களுக்கு அவர் தாராளமாக வேலை போட்டுக் கொடுத்தார். சென்னையை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். தென்னிந்தியாவின் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் உள்ள லூயிஸ் தீவில் பிறந்தவர். எழும்பூரில் வட்டமாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1821இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்காகக் கட்டியது. கோட்டைக்குள் ஏற்கெனவே இங்கிலாந்துத் திருச்சபையின் செயின்ட் மேரி ஆலயம் இருந்தும், இவர்களுக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது. ஆக மெட்ராஸ் வந்த பிறகும் சாமி கும்பிடத் தனித்தனி இடம்தான். வரி வசூலிக்கும்போதும் படை நடத்தும்போதும் ஒரே கொடி. பிரிட்டிஷ் என்பது அந்த வேலையில் உண்டான உறவு.

'ரூல் பிரிட்டானியா' என்ற நாட்டுப்பற்றுப் பாட்டை எழுதியவரே ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான், 1740இல். பிரிட்டன்காரர்கள் ஒருநாளும் அடிமையாக மாட்டார்கள் என்று பாடிய அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் கட்டி அட்லாண்டிக் கடந்து கொண்டுபோய்க்கொண்டிருந்தன. பின்னால் அடிமை முறையை ஒழித்தார்களே என்பீர்கள். ஒழித்தார்கள், 1833இல் சட்டம் வந்தது, அதற்காக உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. அந்தக் கடனை அடைத்து முடித்தது 2015இல். இங்கே வரி கட்டும் நம்மில் பலரும் அதில் பங்கு கட்டியிருக்கிறோம்.

இனி ஓட்டுரிமை. எதிரணித் தோழி மான்செஸ்டரில் 1819 ஆகஸ்ட் 16 அன்று நடந்த பீட்டர்லூ படுகொலையைச் சொன்னார். உண்மை, ஓட்டு கேட்டுத் திரண்ட மக்கள்மேல் குதிரைப்படையை ஏவினார்கள். அன்று வெட்டுப்பட்டுப் பின்னால் இறந்தவர்களில் ஜான் லீஸ் ஒருவர். அவர் வாட்டர்லூ போரில் சண்டையிட்ட சிப்பாய். நாட்டுக்காகப் போர் செய்தவனையே உரிமை கேட்டதற்காக நாடு வெட்டியது. பிறகு எல்லா ஆண்களுக்கும் ஓட்டு எப்போது வந்தது? 1918இல். அதற்கு முன் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு ஆண்களுக்கு ஓட்டு இல்லை. பதுங்குகுழியில் நான்கு வருடம் கிடந்தவனுக்கு ஓட்டு இல்லை என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் முகம் இல்லாமல் போனது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் அந்தச் சட்டத்தில்தான், சொத்துத் தகுதியோடு, கிடைத்தது. போராட்டம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது, திறந்தது போர்.

போர் இந்த நாட்டின் அரச குடும்பத்தின் பெயரையே மாற்றியது. 1917இல் லண்டன்மேல் குண்டு போட்ட ஜெர்மன் விமானத்தின் பெயர் கோத்தா. அரண்மனையில் இருந்த குடும்பத்தின் பெயர் சாக்ஸ்-கோபர்க் அண்ட் கோத்தா! அந்த ஜூலையிலேயே ஐந்தாம் ஜார்ஜ் குடும்பப் பெயரை விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார். இன்று பிரிட்டிஷ் அடையாளத்தின் உச்சியில் இருக்கும் பெயருக்கு வயது நூற்றிச் சொச்சம்தான்.

மருத்துவச் சேவைக்கு வருகிறேன். எதிரணியின் வலுவான வாதம் இதுதான், ஒத்துக்கொள்கிறேன். இங்கே பிள்ளை பெற்றவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் யாரும் அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அது எந்த நேரத்தில் பிறந்தது? குண்டுவீச்சில் காயம்படப் போகிறவர்களுக்காக 1939இல் அரசாங்கம் மருத்துவமனைகளை ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை 1942 டிசம்பரில், நடுப்போரில் வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒன்றாகச் செத்தோம், இனி ஒன்றாக வாழ வேண்டும் என்ற எண்ணம் போர் கொடுத்தது. அப்போதும் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் போட்டுத்தான் தொடங்கினார்கள். 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஜூன் 22 அன்று, கரீபியத் தீவுகளிலிருந்து 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்தவர்கள் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்த மருத்துவமனைகளைப் பின்னால் நடத்திய செவிலியர்களும் மருத்துவர்களும் ஜமைக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தார்கள்.

குடியுரிமைச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். 1948 சட்டத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்கென்று தனிக் குடியுரிமையே இல்லை. லீட்ஸில் பிறந்தவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் ஒரே மாதிரி பிரிட்டிஷ் பிரஜை. 1948இல் வந்ததுகூட 'ஐக்கிய ராஜ்ஜியம் மற்றும் காலனிகளின் குடிமகன்' என்ற கூட்டுக் குடியுரிமைதான். நம் கடவுச்சீட்டில் இருக்கும் 'பிரிட்டிஷ் குடிமகன்' என்ற தகுதியைக் கொடுத்தது 1981 சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 1983 ஜனவரி 1 அன்று. பேரரசு கரைந்த பிறகுதான் இந்த நாடு தன் எல்லை எது என்று யோசிக்கவே தொடங்கியது. அந்த 1981 சட்டத்தில், தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் ஃபாக்லாந்துத் தீவுக்காரர்கள் பலருக்கு முழுக் குடியுரிமை இல்லை. 1982இல் அங்கே அர்ஜென்டினாவோடு போர் நடந்தது. 1983இலேயே அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு முழுக் குடியுரிமை கொடுத்தார்கள். ஹாங்காங்கின் லட்சக்கணக்கான மக்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. எது குடிமக்களை உண்டாக்கியது என்று நடுவரே சொல்லட்டும்.

பேரரசு போன பிறகு என்ன நடந்தது? 1966 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் படங்களைப் பாருங்கள். விளையாடுவது இங்கிலாந்து அணி, பார்வையாளர் கையிலோ பிரிட்டன் முழுவதுக்குமான யூனியன் ஜாக் கொடி. முப்பது வருடம் கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பையில், அதே வெம்பிளி மைதானத்தில், இங்கிலாந்துக்கு மட்டுமான செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடிதான் அலை அலையாகத் தெரிகிறது. 1999இல் எடின்பரோவில் பாராளுமன்றம் மறுபடி கூடியது. 2014இல் பிரிந்து போகலாமா என்று கேட்டபோது ஸ்காட்லாந்தில் 44.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக இங்கிலாந்தும் வேல்ஸும் வாக்களித்தன. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இங்கே பலரும் நிரப்பியிருப்பீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் 2011இல் பிரிட்டிஷ் மட்டும் என்று குறித்தவர்கள் 19.1 சதவீதம். 2021இல் அது 54.8 ஆகிவிட்டது. பத்து வருடத்தில் நாட்டுப்பற்று பொங்கிவிட்டதா? இல்லை. 2011 படிவத்தில் இங்கிலாந்தில் 'இங்கிலிஷ்' முதல் கட்டமாக இருந்தது, 2021இல் 'பிரிட்டிஷ்' முதல் கட்டத்துக்கு வந்தது. கட்டத்தின் இடம் மாறினால் மாறிவிடுகிற அளவுக்கு அந்த உணர்வு இன்று மெலிந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2022இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 'ஸ்காட்டிஷ்' மட்டும் என்றே எழுதினார்கள். நாம் எதைக் குறித்தோம்? நம்மில் பெரும்பாலோர் 'பிரிட்டிஷ்' என்றுதான் குறித்திருப்போம், 'இங்கிலிஷ்' என்று குறிக்கக் கை வந்திருக்காது. பேரரசு விரித்து வைத்த பாயில்தான் நமக்கு இடம் இருந்தது. என் பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன், அவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள் என்பதால்.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு கேள்வி. 1801 முதல் 1922 வரை அயர்லாந்து முழுவதும் இதே பாராளுமன்றத்தின் கீழ் இருந்தது. இணைக்கும்போது கத்தோலிக்கர்களுக்கு உரிமை தருவதாக நம்பிக்கை கொடுத்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1845இல் உருளைக்கிழங்கு நோய் வந்து சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தபோதும் ஆண்டது அதே வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம்தான். 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1911இல் சுமார் 44 லட்சம். 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு மே மாதத்தில் 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் டப்ளின் பிரிந்து போனது. ஆனால் அதே தீவின் வடகிழக்கில், பெல்ஃபாஸ்டில், இன்றும் ஜூலை 12 அன்று யூனியன் ஜாக் தூக்கிக்கொண்டு மேளம் கொட்டி ஊர்வலம் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1690இல் போயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸைத் தோற்கடித்ததைக் கொண்டாடுகிறார்கள். ஒரே தீவு, ஒரே பாராளுமன்றம், 121 வருடம். பெல்ஃபாஸ்டின் அந்த மக்கள் பிரிட்டிஷ் ஆனார்கள், டப்ளின் மக்கள் ஆகவில்லை. ஏன்? அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர், போயின் போரையோ வேறு எந்தப் போரையோ குறிப்பிடாமல், இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.